ஒத்திகை வரியைக் காணோம்

“இந்தப் பக்கத்தை எழுதினது யாரு? முதல்ல அவங்களை இங்கே வரச் சொல்லுங்க!”

வந்த அம்மாள் நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடிக்கணினியை மேஜை மேல் வைத்த வேகத்தில் மேனேஜரின் காபி சிந்தியது.

அம்மாள் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கணினிப் பிரிவுக்குத் தலைவி. வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மெசேஜ் அனுப்பும் மென்பொருளை இந்த மேனேஜரின் கம்பெனியிடம்தான் வாங்கியிருந்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று மாதிரி புரோகிராமோடு விளக்கும் இணையப் பக்கத்தால்தான் இப்போது இந்த ரகளை.

“உட்காருங்க மேடம், பேசித் தீர்த்துக்கலாம்.”

“என்னத்தைப் பேசறது? உங்க மாதிரியை அப்படியே எடுத்துப் போட்டு எங்க ஆளு ஒரு சோதனை பண்ணினார். அது நிஜமாவே போயிருச்சு! ‘உங்கள் காப்பீடு ரத்து’ன்னு அத்தனை பேருக்கும்! ஆபரேஷனுக்குப் படுத்திருந்தவரோட சம்சாரம் போன்ல அழறாங்க. அவங்களுக்கு நீங்க பதில் சொல்றீங்களா?”

பக்கத்தை எழுதிய பெண் வந்து கதவோரம் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

“ஒத்திகைன்னு ஒரு வரி போட்டிருந்தேனே மேடம். அது இருந்தா எல்லாம் நடக்கற மாதிரி காட்டும், ஆனா ஒரு மெசேஜும் வெளியே போகாது.”

“எங்கே இருக்கு? காட்டுங்க!”

தன் ஃபைலைத் திறந்து காட்டினாள். இருந்தது. மின்னஞ்சல் முகவரியில் வருமே அட் குறி, அதில் தொடங்கி, மாதிரியின் முதல் வரியாக ஒத்திகை. இணையப் பக்கத்தைத் திறந்தாள். மேலும் கீழும் தேடினாள். அந்த வரியையே காணோம்.

புரோகிராமுக்குள் குறிப்பாக எழுதி வைப்பதை எடுத்துப் பக்கமாக மாற்றித் தர ஒரு கருவி உண்டு. அட் குறியில் தொடங்கும் வரி எது வந்தாலும் தனக்கு இட்ட கட்டளை என்று அது நினைத்துக்கொள்ளும். மாதிரியில் இருந்ததையும் அப்படியே விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாமல் இருந்துவிட்டது. இவளும் ஃபைலைப் பத்துத் தடவை சரிபார்த்தாளே தவிர, பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை. ருசி பார்க்காமல் பரிமாறிய கதைதான்.

மேனேஜருக்கோ மீசையில் மண் ஒட்டவில்லை.

“பாத்தீங்களா மேடம், எங்க ஃபைல்ல சரியாத்தான் இருக்கு.”

“நீங்க ஊருக்குக் காட்டறது ஃபைலையா, பக்கத்தையா?”

“அது சரி. இருந்தாலும், காப்பி பண்றவரும் கொஞ்சம் மூளையை உபயோகிக்கணும் இல்லையா? வேலை தெரிஞ்ச ஆளா இருந்தா...”

அம்மாள் மேஜையில் ஓங்கி ஓர் அறை அறைந்தார்.

“அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க! சொன்னீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்!”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். மேனேஜர் இறங்கி வந்தார்.

“சரி, இந்த வருஷத்துக்குக் கட்டணம் வேண்டாம்.”

“உங்க சலுகை யாருக்கு வேணும்?”

“இந்தப் பொண்ணை இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்.”

அந்தப் பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“எதுக்கு? இன்னொரு குடும்பம் தெருவுக்கு வர்றதுக்கா?” என்று அதற்கும் சீறினார் அம்மாள்.

“பின்னே என்னதான் மேடம் வேணும்?”

“தப்பு உங்க பக்கத்துலதான், காப்பி பண்ணினவர் மேல இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லணும்.”

செல்போனை எடுத்து எண்ணை அழுத்தினார். “எல்லாரும் இருக்காங்களா? அவர் இன்னும் கிளம்பலையே? ஸ்பீக்கர்ல போடுங்க” என்று சொல்லி, போனை மேஜை நடுவில் வைத்தார்.

“டைரக்டருங்களைக் கூட்டி வெச்சிருக்கா. வாயைத் திறந்தா வழக்குதான். என்ன திமிரு பாரு” என்று மேனேஜர் அந்தப் பெண்ணின் காதில் முணுமுணுத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. போனருகே குனிந்தாள்.

“நான்தாங்க அந்தப் பக்கத்தை எழுதினேன். ஒத்திகை வரி அதுல இல்லவே இல்லை. அதைப் பார்த்து யார் செஞ்சிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். தப்பு என்னுது. மன்னிச்சிருங்க.”

மறுமுனையில் நிறையப் பேர் கூடி நிற்கும் சலசலப்பு கேட்டது.

“திருப்தியா மேடம்?” என்றார் மேனேஜர், எரிச்சலை மறைக்காமல்.

“இருங்க. இன்னும் ஒரு ஆள் பாக்கி.”

அம்மாள் போன் பக்கம் திரும்பினார். அவ்வளவு நேரம் வானத்துக்கும் பூமிக்கும் குதித்த குரல் உடைந்திருந்தது.

“அண்ணே... கேட்டீங்களா? ‘இந்த வயசுல வந்து ஏன் எங்க உயிரை வாங்கறே, வேலை தெரியலைன்னா வீட்டுல கிட’ன்னு நேத்து உங்களைச் சொன்னேனே. பக்கத்தைத் திறந்துகூடப் பாக்காம சொன்னேன். என்னை மன்னிச்சிருங்க. சீட்டைக் காலி பண்ணாதீங்க.”

போனிலிருந்து வயதான ஆண் குரல் ஒன்று வந்தது.

“விடுங்க மேடம்... முதல்ல ஸ்பீக்கரை அணைக்கச் சொல்லுங்க. எல்லாரும் கேக்கறாங்க.”

“கேக்கட்டும்ணே. நேத்து நான் திட்டினதையும் எல்லாரும்தானே கேட்டாங்க!”