கடைசி வாங்குக்கு வந்த வசனம்

“இந்த வருஷத்துக்கு ‘காத்திரு’ன்னு வசனம் வந்துச்சு. காத்திருந்தேன். அதுல என்ன தப்பு?” என்றாள் நிஷாந்தினி.

யோகராஜுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மனைவியின் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் இருந்த கட்டி, காத்திருந்த அந்த ஒரு வருஷத்தில் எலுமிச்சம்பழம் ஆகியிருந்தது.

“கண்டி ஆஸ்பத்திரியில ஒம்பதாம் தேதி ஒப்பரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க. இதையும் விட்டா ஆபத்துன்னு டொக்டர் சொல்லிட்டாரு, நிஷா.”

“நாளைக்குப் புது வருஷ அட்டை எடுப்போம்ல? அதுல போகச் சொன்னா போறேன். இல்லாட்டி இல்ல.”

கடுகண்ணாவைச் சபையில் இது வழக்கம். ஜனவரி முதலாம் தேதி காலை ஆராதனை முடிந்ததும் போதகர் ஒரு தட்டை நீட்டுவார். அவரே கைப்பட எழுதிய அட்டைகள். ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். அதில் இருக்கும் வேத வசனம்தான் அந்த வருஷத்துக்குக் கடவுள் கொடுத்த வாக்கு.

யோகராஜ் மட்டும் எடுப்பதில்லை. பிலிமத்தலாவையில் விஞ்ஞானம் படிப்பிப்பவர். மனைவிக்குத் துணையாக வந்து, கடைசி வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதோடு அவருடைய பக்தி முடிந்துவிடும்.

யோகராஜ் அன்று மாலையே போதகர் திருச்செல்வத்தின் வீட்டுக்கு ஓடினார்.

“ஐயா, அவ வர்ற நேரம் நல்ல வசனமா ஒண்ணை மேல வச்சிருங்க. உயிர்ப் பிரச்சினை.”

போதகருக்கு முகம் சிவந்துவிட்டது.

“வேதம் என்ன சீட்டுக்கட்டா தம்பி? யாருக்கு எது வேணும்னு ஆண்டவருக்குத் தெரியும். முப்பது வருஷமா தட்டை நீட்டுறேன், ஒரு நாளும் அதுல கை வச்சதில்ல. நம்பிக்கை இல்லேன்னா சும்மாவாவது இருங்க!”

கதவு சாத்தப்பட்டது. கல்நெஞ்சக்காரர் என்று முணுமுணுத்துக்கொண்டே யோகராஜ் திரும்பினார்.

மறுநாள் வரிசை மெதுவாக நகர்ந்தது. கடைசி வாங்கு என்பதால் நிஷாந்தினியின் முறையும் கடைசியாகத்தான் வந்தது. அதற்குள் தட்டு காலி. போதகர் மேசையிலிருந்து இன்னொரு தட்டை எடுத்து நீட்டினார்.

அவள் கண்ணை மூடி ஒரு அட்டையை எடுத்தாள். யோகராஜ் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

“பயப்படாமப் போகச் சொல்றாருங்க! கூடவே வர்றேன்னும் சொல்றாரு!” அழுதுகொண்டே சிரித்தாள். “ஒம்பதாம் தேதி போறோம்!”

வாசலில் நின்ற பெண்களிடம் காட்ட அட்டையோடு ஓடினாள்.

யோகராஜ் அசந்துபோனார். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

“எனக்கும் ஒண்ணு குடுங்க ஐயா. நேத்துப் பேசினதுக்கு மன்னிச்சிருங்க.”

“முடிஞ்சிருச்சு தம்பி.” போதகர் தட்டை அவசரமாகப் பின்னால் இழுத்தார்.

“இருக்கே ஐயா!”

எட்டி ஒன்றை எடுத்தார். அதே வசனம். இன்னொன்றை எடுத்தார். அதுவும் அதே வசனம்.

போதகர் தட்டை மேசையில் வைத்தார். “நேத்து நீங்க போன பிறகு உக்காந்து எழுதினேன். ஆண்டவர் சரியானதைக் குடுப்பார்னு விட்டுட்டு இருக்க எனக்குத் தைரியம் வரல, தம்பி.”

வாசலிலிருந்து நிஷாந்தினி கூப்பிட்டாள். “என்னங்க, நீங்களும் எடுத்தீங்களா? என்ன வசனம்?”

யோகராஜ் தட்டில் மிச்சமிருந்த அட்டைகளை அள்ளிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ஒனக்கு வந்ததேதான்!”

“ரெண்டு பேருக்கும் ஒண்ணேயா! இனியாவது நம்புவீங்களா?”

“நம்புறேன்,” என்றார் யோகராஜ், சபைக்கே கேட்கும்படி.

போதகர்தான் தலையை நிமிர்த்தவில்லை.