இரும்புக்கால்

"மருமக செஞ்ச பெட்டிங்கிறதுக்காக நான் பூப்போல மிதிக்க மாட்டேன். என் கால் என்னைக்கும் எப்படி மிதிக்குமோ அப்படித்தான் மிதிக்கும்."

பார்சல் கம்பெனியின் வண்டிக் கொட்டகையில், மற்ற பதினொரு டிரைவர்களும் கேட்கும்படி மாமனார் இதைச் சொன்னார். ஏழாம் நம்பர் வேனின் பானெட்டைத் திறந்து வைத்து, ஸ்பேனரும் கையுமாக நின்ற மருமகளுக்கு முகம் சிவந்தது. அந்தக் கொட்டகைக்கு அவள்தான் மெக்கானிக்.

மாமனாருக்கு அங்கே இரும்புக்கால் என்று பெயர். கனத்த பூட்ஸ் போட்ட அவர் வலது கால் ஆக்ஸிலேட்டரில் விழுந்தால் வேன் துள்ளிக் கிளம்பும். டீசலும் தண்ணீராய்ப் போகும்.

வேன்கள் பன்னிரண்டும் பழசு. லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் போவதற்குள் அவற்றுக்கு மூச்சு வாங்கியது. முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று வாரத்தில் ஒரு வேனிலாவது பதினொன்று வந்தாக வேண்டும். எப்படிக் கொண்டுவருவார்கள் என்பது அவர் கவலை இல்லை. வராவிட்டால் வேன்களை விற்றுவிட்டு, வேலையை வெளியாளுக்குக் கொடுத்துவிடுவார். பன்னிரண்டு டிரைவர்களும் ஒரு மெக்கானிக்கும் வீட்டில் உட்கார வேண்டியதுதான். ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர்.

மருமகள் ஆறு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டு அந்தப் பெட்டியைச் செய்திருந்தாள். என்ஜினுக்குள் எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அதுவே அளந்து அனுப்பும். சோதனைக்கு இரும்புக்காலை டிரைவராகப் போட்டது முதலாளி. அவர் காலுக்குத் தாங்கினால் எவர் காலுக்கும் தாங்கும் என்றார்.

வேறு யாராவது என்றால் கையில் காலில் விழுந்தாவது மெதுவாக ஓட்டச் சொல்லலாம். மாமனார் காலில் விழுந்தால் ஆசீர்வாதம்தான் கிடைக்கும். வருவது வரட்டும் என்று மருமகள் பானெட்டை மூடினாள்.

தினமும் மாலையில் டேங்கை விளிம்புவரை நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய டீசலால் வகுத்து, சூப்பர்வைசர் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினார். முதல் நாள் ஒன்பது. நான்காம் நாள் பத்து. இரண்டாவது வாரக் கடைசியில் பதினொன்றேகால். கொட்டகையே மருமகளைக் கொண்டாடியது.

மாமனார் மட்டும் அசையவில்லை. பின்னாலிருந்து காற்று தள்ளியிருக்கும் என்று சாப்பிடும்போதுகூட நொட்டை சொன்னார். பத்து வருஷமாகப் போடுகிற பூட்ஸ் திடீரென்று கடிக்கிறதாம். வலது பாதத்துக் கொப்புளத்துக்கு மாமியாரிடம் மருந்து கேட்டு, அதற்கும் எரிந்து விழுந்தார். மருமகளுக்கு வலித்தது. சொந்த வீட்டு மனிதர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வரவில்லையே. வராவிட்டால் போகட்டும், கரும்பலகை பேசும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஆனால் மூன்றாவது வாரம் அவள் முகமே சரியில்லை. காலையில் வேன் கிளம்புமுன் டயர் காற்றைப் பார்த்தாள், டேங்க் மூடியைப் பார்த்தாள், கிலோமீட்டர் காட்டும் மீட்டரை இரண்டு தடவை சரிபார்த்தாள். எங்கே போனாலும் டூல் பை தோளிலேயே தொங்கியது. கரும்பலகையில் தினமும் அதே பதினொன்றேகால். நல்லாத்தானே வருது, இன்னும் என்ன தேடுற என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"எதனால வருதுன்னு தெரியணும் சார். தெரியாம விட மாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமை மதியம் முதலாளி எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். இரும்புக்கால் அப்போதுதான் வேனை உள்ளே கொண்டுவந்து நிறுத்திக்கொண்டிருந்தார். ரிசல்ட் சொல்லப் போறாங்க, ஓடி வாங்க என்று சூப்பர்வைசர் போன் செய்ததும், மூச்சிரைக்க வந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றார்.

"பாஸா?" என்று முதலில் கேட்டவரே அவர்தான். எல்லாரும் திரும்பிப் பார்க்கவும், எப்படியோ தப்பிச்சுதுன்னு சொல்லுங்க என்று மழுப்பினார்.

வேன்கள் இருக்கும், டிரைவர்களும் இருப்பார்கள் என்றார் முதலாளி. மீதி வேன்களுக்கும் பதினொரு பெட்டி செய்து தரும்படி மருமகளிடம் கேட்டார்.

மருமகள் டூல் பையைத் திறந்தாள். உள்ளேயிருந்து அந்தப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பதினொரு பெட்டி வேணாம் சார். இந்த ஒண்ணுமே வேணாம். கழட்டினா எவ்வளவு குறையுதுன்னு பாக்கத்தான் திங்கட்கிழமை இதை எடுத்தேன். ஒரு வாரமா என் பையிலதான் இருக்கு. மைலேஜ் துளிகூடக் குறையல."

முதலாளி கண்ணாடியைக் கழற்றி, பெட்டியைப் பார்த்தார்.

"வேன் இருக்கும்னு சொன்னது சொன்னதுதான். ஆனா, பதினொண்ணேகால் எப்படிம்மா வந்துச்சு?"

"அதைத்தான் சார் வாரம் முழுக்கத் தேடுறேன்" என்ற மருமகள், மாமனாரைக் கேட்கலாம் என்று திரும்பினாள். கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் பார்வை மெல்லக் கீழே இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

"பூட்ஸ் போட்டா என் காலுக்கு அளவு தெரியாதும்மா. என்னால உன் பெட்டிக்குக் கெட்ட பேர் வந்துடக் கூடாதேன்னுதான்..." என்றார், வேன் சீட்டுக்கு அடியிலேயே பூட்ஸை மறந்துவிட்டு, வெறுங்காலோடு ஓடி வந்திருந்த இரும்புக்கால்.