பதினொரு முட்டை

அறிவியல் டீச்சர் பயிற்சிக்காக வெளியூர் போன மூன்றாம் நாள், அவர் வளர்க்கும், அச்சு அசல் குச்சி போலவே இருக்கும் குச்சிப்பூச்சியின் பெட்டியைக் கணவர் சுத்தம் செய்தார். வாடிய இலைகளோடு பூச்சியையும் சேர்த்துக் கொட்டிவிட்டது, குப்பை வண்டி போன பிறகுதான் உறைத்தது.

போன தடவை இவர் பொறுப்பில் மீன்கள் செத்ததற்கே ஆறு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். அவசரமாகக் கொய்யா மரத்தில் ஒரு குச்சியை ஒடித்துப் பெட்டிக்குள் வைத்தார்.

மாலையில் ஃபோன் வந்தது.

“என்னங்க, எப்படி இருக்கு?”

“ஜம்முனு இருக்கு. இலையெல்லாம் காலி.”

“அசையுதா?”

“பகல்ல அசையாதுன்னு நீதானே தாள்ல எழுதி வெச்சிருக்கே?”

தினமும் அந்தத் தாளைப் பார்த்தே பதில் சொன்னார். கடைசி நாள் உற்சாகம் எல்லை மீறியது.

“பதினொரு முட்டை போட்டிருக்கு!”

“ஆண் பூச்சியே இல்லையேங்க?”

“ஆண் துணை இல்லாமலே போடும்னு எழுதியிருக்கியே, மறந்துட்டியா?”

“அட, ஆமால்ல!”

மறுநாள் வந்ததும் டீச்சர் நேராகப் பெட்டியிடம் போனார். கணவர் தூவியிருந்த பதினொரு பப்பாளி விதைகளையும் பொறுமையாக எண்ணினார். பிறகு கைப்பையிலிருந்து ஓட்டை போட்ட டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தார். உள்ளே குச்சிப்பூச்சி மெல்ல ஒரு காலைத் தூக்கியது.

“இதை நான் கையோட கொண்டு போயிட்டேங்க. நம்பலைன்னு நீங்க மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாதேன்னு, பெட்டியில செம்பருத்திக் குச்சி ஒண்ணை வெச்சுட்டுப் போனேன்.”

டீச்சர் பெட்டியிலிருந்த கொய்யாக் குச்சியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பூச்சியை விடுங்க. ஒரு குச்சியைக்கூடவா உங்களால பத்திரமா பார்த்துக்க முடியல?”