பெயர் வர வேண்டிய இடம்

வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தின் இறுதி வேண்டுதலான துஆவில் நாட்டுத் தலைவரின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று அரசு உத்தரவு. ஒரு காலத்தில் வெள்ளைக்கார ராஜாவின் பெயரைச் சொல்ல வைத்த அதே இடத்தில். மிம்பர் மேடையில் பிரசங்கம் செய்ய நின்ற கத்தீப் சதக்கத்துல்லாவின் கையில், வழக்கப்படி பிடித்திருந்த மரவாள் வியர்வையில் வழுக்கியது. கடைசி வரிசையில் போலீஸ்காரர் பேனாவைத் திறந்தார். “யா அல்லாஹ், நசுக்கப்பட்டவர்களுக்கு விடுதலையைக் கொடு” என்றவருக்கு அடுத்து வர வேண்டிய பெயர் வாயில் வரவில்லை. அந்த இடைவெளியில், பாங்கு சொல்லும் மோதினார் உதுமான்கனி “ஆமீன்!” என்று குரல் கொடுத்துவிட்டார். பள்ளிவாசலே முழங்கியது.

தொழுகை முடிந்து போலீஸ்காரர் வந்தார். “சத்தத்துல பேரு காதுல விழல பாய். சொன்னதா எழுதிக்கறேன்.”

அவர் தலை மறைந்ததும் சதக்கத்துல்லா மோதினாரிடம் திரும்பினார். “துஆ முடியறதுக்குள்ள ஆமீன் சொல்லிட்டீங்களே!”

மோதினார் வாளின் பிடியைத் துடைத்து மூலையில் சாத்தினார்.

“முடிஞ்ச பிறகுதானே சொன்னேன், அஜ்ரத்.”