மேனேஜர் வாய் திறக்கவில்லை

தீவிர சிகிச்சைப் பிரிவில், ஓய்வு பெற்ற மேனேஜர் வெண்மேகம் ஒன்றின்மேல் மிதந்துகொண்டிருந்தார். மருந்து அப்படி. கட்டிலருகே நின்ற மனைவி, மேகத்தின் கரையில் இளம்பெண்ணாகத் தெரிந்தாள்.

"ஐயா, வாயைத் திறங்க" என்றாள் நர்ஸ், கையில் பஞ்சோடு.

மேனேஜர் இறுக மூடிக்கொண்டார்.

"காலையிலேருந்து இதே கூத்துதாம்மா. வர்ற நாத்தத்தைப் பார்த்தா ஈறு சீழ் பிடிச்சிருக்கு. அந்தக் கிருமி நுரையீரலுக்கு இறங்கினா ஆளையே சாய்ச்சிடும்."

"ஆபீஸையே ஆட்டிவச்சவர், யார் சொல்லிக் கேட்பார்? என்னங்க, கொஞ்சம் திறங்களேன்!"

'நீ வெளியே போ, திறக்கிறேன்' என்று மேகத்திலிருந்தே சொல்ல நினைத்தார். அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே! அவருடைய சிரிப்பைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்ததாக ஒருநாள் சொன்னவள் அவள். அந்தச் சிரிப்பைக் காப்பாற்றியாக வேண்டும். உயிரெல்லாம் அதற்கப்புறம்தான்.

மனைவி அவர் காதருகே குனிந்தாள்.

"பல்செட்டைக் கழட்ட விடுங்க. எனக்கு எப்பவோ தெரியும். ராத்திரிகூடக் கழட்டாம தூங்கினா ஈறு புண்ணாகாம என்ன செய்யும்?"

மேகம் ஒருமுறை குலுங்கியது. வாய் தானாகத் திறந்துகொண்டது. நர்ஸ் இரண்டு வரிசைப் பற்களையும் வெளியே எடுத்து, "வைக்க ஏதாவது இருக்காம்மா?" என்றாள்.

மனைவி கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதுல வைங்க சிஸ்டர். அவர் தூங்கினப்புறம் என்னோடதைக் கழட்டி வைக்கிற டப்பா. அவருக்கு மட்டும் தெரிஞ்சிட வேணாம்!"