பேருந்துக்கு மட்டும்

சாலைக்குக் குறுக்கே படகைப் போட்டிருந்தார்கள்.

ஃபைபர் படகு. அதன் மூக்கு கடலைப் பார்த்திருந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டியவரை கார்கள்.

பிள்ளைச்சாவடியில் சாவு விழுந்தால் யாரும் கடலுக்குப் போவதில்லை. சாவு வீட்டுக்காரர் தன் வாயால் போகச் சொன்ன பிறகுதான் படகு தண்ணீரில் இறங்கும்.

காத்தவராயன் இன்னும் சொல்லவில்லை. மகன் செல்வகுமாரை நேற்று மாலைதான் எடுத்திருந்தார்கள்.

இந்த முறை ஊர் கூடி இன்னொன்றையும் முடிவு செய்திருந்தது. கடலைப் போலவே சாலையும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அவர் கை காட்டினால் வண்டி போகும். இல்லாவிட்டால் நிற்கும்.

படகின் அருகே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்திருந்தார்கள். யாரோ டீ கொடுத்தார்கள். அவர் அதைக் கையில் பிடித்திருந்தார். மேலே ஆடை படிந்துவிட்டது.

செல்வகுமார் போன விதம் ஊருக்கே தெரியும். பாண்டி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனியில் காலை ஷிப்ட். விடிவதற்கு முன் சாலை ஓரத்தில் முதல் பேருந்துக்காக நின்றான். பாண்டிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்தது. மகன் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் வந்த காத்தவராயன் ஒருவர்தான் பார்த்தார்.

வெள்ளைக் கார் என்று அவர்தான் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நிற்கும் கார்களில் பாதி வெள்ளை. இளைஞர்கள் ஒவ்வொன்றின் முகப்பையும் குனிந்து பார்த்துக்கொண்டு போனார்கள்.

அரைக்கால்சட்டை போட்ட ஒருவன் காரிலிருந்து இறங்கி வந்தான். பீச்சுக்குப் போக வேண்டும், கொஞ்சம் வழி விடுங்கள் என்றான்.

"கடலப் பாக்கத்தான வந்த? தோ இருக்கு, பாரு," என்றாள் மீன் விற்கும் அன்னக்கிளி. "எங்க ஊட்டுக் கடலும் உப்புதான்."

சிலர் சிரித்தார்கள். காத்தவராயனைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

தாசில்தார் ஜானகிராமன் வியர்வையோடு நின்றார். ஊரின் கோரிக்கையை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். காரும் லாரியும் ஊருக்கு வெளியே சுற்றிப் போகட்டும். இந்தச் சாலையில் பேருந்து மட்டும் ஓடட்டும்.

"சனி ஞாயிறுல எத்தனை வண்டி வருதுன்னு தெரியுமா? அத்தனை பேரையும் பஸ்ல ஏத்த முடியுமாங்க?"

"பஸ்ஸு வுட்டுப் பாத்தாதான சார் தெரியும்," என்றார் ஊர்த் தலைவர் ராமதாஸ். "ரோட்ட அகலம் பண்ணிக்கினே போறீங்க. எங்களுக்குப் பொணந்தான் கூடுது."

"நடைபாலம் போட்டுத் தரோம். மேல ஏறி அந்தப் பக்கம் போயிடலாம்."

"தலையில கூடையோடயா?" என்றாள் அன்னக்கிளி. "மொதல்ல நீ ஏறிக் காட்டு சார். நான் கூடைய எடுத்தாறேன்."

தாசில்தார் காத்தவராயன் பக்கம் திரும்பினார். எல்லாரும் திரும்பினார்கள்.

அவர் தலையை அசைக்கவில்லை. கார்கள் நின்றன.

அப்போது வடக்கிலிருந்து ஹாரன் கேட்டது. கார்களுக்குப் பக்கத்தில், பேருந்துக்காக ஊர் காலியாக விடச் சொல்லியிருந்த தடத்தில், டவுன் பஸ் வந்துகொண்டிருந்தது.

"நம்ம பஸ்ஸு," என்று யாரோ கத்தினார்கள்.

மீன் கூடையோடு பெண்களை ஏற்றும் பேருந்து அது ஒன்றுதான். மற்றவை வாடை என்று நிறுத்தாமல் போய்விடும். காத்தவராயனின் மகள் கவிநிலா கல்லூரிக்குப் போவதும் அதில்தான்.

இளைஞர்கள் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்கள்.

"வுடலாமா மாமா?"

அவர் கையை உயர்த்தினார்.

படகை நகர்த்தினார்கள். வழி திறந்தது. பேருந்து நகரவில்லை.

"ஏன்ணே, ரோட்டையே உனக்கு எழுதி வெச்சிருக்கோம். கெளம்பேன்," என்றான் ஒருவன்.

ஓட்டுநர் அவனைப் பார்க்கவில்லை. நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். கை கியரில் இல்லை.

காத்தவராயன் எழுந்தார். டீயைக் கீழே வைத்தார். ஓட்டுநரின் ஜன்னலருகே போனார்.

வெள்ளைக் கார் வந்தது உண்மை. லாரியை முந்திக்கொண்டு எதிர்த் தடத்தில் வந்தது. அதற்கு ஒதுங்கித்தான் இந்தப் பேருந்து ஓரத்து மண்ணில் இறங்கியது. நிறுத்தச் சொல்லி செல்வகுமார் கையை நீட்டிக்கொண்டிருந்தான்.

கார் யார் மேலும் படவில்லை. போய்விட்டது.

முதல் நடை. யாரும் ஏறாத வண்டி. நடத்துநர்கூடப் பாண்டியில்தான் ஏறுவார். ஓட்டுநர் இறங்கிப் பார்த்தார். தூக்கோடு நின்றவரையும் பார்த்தார். ஏறிப் போய்விட்டார்.

பேருந்து என்று காத்தவராயன் சொல்லியிருந்தால் ஊர் அதை அன்றே கொளுத்தியிருக்கும். அதன் பிறகு இந்தச் சாலையில் கார்கள் மட்டும்தான் ஓடும்.

"அண்ணே," என்றார் ஓட்டுநர்.

காத்தவராயன் பேருந்தின் தகரத்தை உள்ளங்கையால் தட்டினார்.

"நேரா போ. ஓரத்துல எறக்காத."