கைப்பைக்குள் மோடம் வயர்

ப்ரீபெய்டு இன்டர்நெட் மணிநேரம் கரைந்துகொண்டே போக, மாடி வீட்டுக்காரிக்குப் புருஷன் மேல் சந்தேகம். மோடம் வயரைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டாள். வீட்டைப் பூட்டி, அவரையும் இழுத்துக்கொண்டு இன்டர்நெட் ஆபீசுக்குப் போனாள். துணைக்கென்று நானும் ஒட்டிக்கொண்டேன். வேடிக்கையை யார் விடுவார்கள்?

"கனெக்ஷனைச் சும்மா விட்டா பத்து நிமிஷத்துல தானா கட்டாயிடும்மா. இப்பவும் உங்க வீட்டு லைன்ல யாரோ தட்டிக்கிட்டிருக்காங்க," என்றார் கவுண்டர்காரர்.

"வயர் இதோ, புருஷன் இதோ! முதல்ல கட் பண்ணுங்க."

கவுண்டர்காரர் துண்டித்ததும், அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"பாதி வேலையில கட்டாயிடுச்சும்மா. நீ எப்ப வருவே?"

அவள் புருஷன் குரல். எனக்கே கேட்டது. பக்கத்தில் நின்றவரின் வாய் மூடியிருந்தது.

"அப்ப நீங்க யாரு?" என்றாள், பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி.

"வா, வீட்டுக்குப் போலாம்," என்று சிரித்தார் அவர்.